புக்கம் என்கிற பகான்: எட்டுக் கோயில், மூன்று நாள், ஒரு டார்ச் லைட்

ரங்கூனில் ராத்திரி பஸ் ஏறி, விடியுமுன் பகானை ஒட்டிய நியாங்-ஊவில் இறங்கி, ஒரே பகலில் இருபது பாயா, அதாவது பகோடா, சுற்றிக் கும்பிட்டுவிட்டு அன்று இரவே திரும்பிவிடுவதுதான் பர்மாத் தமிழர்களான நம்மவர்களின் வழக்கமான பகான் யாத்திரை. புண்ணியக் கணக்குக்கு அது போதும். கட்டடம் பார்க்கப் போகிறவருக்குப் போதாது. 2019-ல் யுனெஸ்கோ பகானை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது பதிவில் இருந்த சின்னங்கள் 3,595. அத்தனையும் பார்க்க ஒரு மாதம் தங்கினாலும் ஆகாது. பார்க்க வேண்டியதும் இல்லை. பதினைந்தாவது கோயிலைத் தாண்டினால் எல்லாம் ஒரே செங்கல் மேடாகத்தான் தெரியும். எட்டைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் தலைக்கு மேலே எது எதைத் தாங்கி நிற்கிறது என்று அண்ணாந்து பார்த்தால் பகான் பிடிபட்டுவிடும். அந்த எட்டின் தர நிர்ணயம் இது. வாடகை வண்டி, சாப்பாடு, அரக்குக் கடை பற்றியும் இடையிடையே கொஞ்சம்.

போகுமுன் இரண்டு சொல்லைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. உள்ளே போக முடியாமல் முழுக்கக் கெட்டியாக எழும்பி நிற்பது ஸேதி. நம் சைத்தியம் என்ற சொல்தான் பாலி வழியாக அப்படி ஆகியிருக்கிறது. உள்ளே நுழைந்து நடக்க முடிவது கூ. அதுவும் வேறெதுவும் இல்லை, குகைதான். பகானின் கூ எல்லாமே மனிதன் செங்கல்லால் கட்டிய குகைகள் என்று வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். ஏன் இத்தனை இருட்டு, ஏன் இத்தனை தடித்த சுவர் என்ற கேள்விகளுக்குப் பதில் தானாகக் கிடைக்கும்.

இனி அண்ணாந்து பார்க்கிற விஷயம். தஞ்சைப் பெரிய கோயில் 1010-ல் முடிந்தது; பகானின் ஆனந்தா 1105 வாக்கில். நூறு வருஷம்கூட இடைவெளி இல்லை. ஆனால் இரண்டும் நிற்கிற விதம் முற்றிலும் வேறு. நம் கோயில்களில் தூண் மேல் போதிகை, போதிகை மேல் உத்தரம், உத்தரத்தின் மேல் பலகைக் கல். உயர வேண்டுமானால் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி அடுக்கும் கதலிகா கரணம். எல்லாம் பாரத்தை நேர்க்கீழாக இறக்கும் முறை. கல்லின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் இடைவெளி. அதனால்தான் நமக்கு ஆயிரங்கால் மண்டபம் தேவைப்பட்டது. பகான் கொத்தனாருக்குக் கருங்கல் இல்லை, செங்கல்தான். செங்கல்லை உத்தரமாகப் போட்டால் முறிந்துவிடும். ஆகவே ஆர்ச். ஆப்பு வடிவச் செங்கல்லை நெருக்கி நிறுத்தினால், மேலேயிருந்து வரும் பாரமே ஒவ்வொன்றையும் பக்கத்துச் செங்கல்லோடு இறுக்கிப் பிடிக்கும். அதே காலத்து இந்தியக் கோயில்கள் பெரும்பாலும் தொடாத முறையை இங்கே அனாயாசமாகச் செய்திருக்கிறார்கள்.

இதைக் கிட்டத்தில் பார்க்க, பூச்சு உதிர்ந்துபோன ஏதாவதொரு சின்னக் கோயிலின் வாசலில் நில்லுங்கள். நம் ஊரில் ஆர்ச் கட்டினால் செங்கல்லின் குறுகிய பக்கம்தான் வெளியே தெரியும். இங்கே அகலமான முகம் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதாவது ஒரு செங்கல் கனத்துக்கு ஒரு வளைவு, அதன் முதுகில் ஒட்டினாற்போல் இன்னொரு வளைவு, அதற்குப் பின் இன்னொன்று. ரொட்டித் துண்டுகளை நிறுத்தி அடுக்கியதுபோல் கூரை உள்ளே போகிறது. உச்சி வட்டமாக இல்லாமல் கூராக இருக்கும். நடுத்தூணைச் சுற்றிப் போகும் நடையில் பார்த்தால் வளைவு பாதியோடு நின்று, உள்பக்கச் சுவரில் சாய்ந்திருக்கும். அது அழகுக்காக அல்ல. நடுவில் நிற்கும் கோபுரம் வெளியே தள்ளுவதற்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் இடையில் இருப்பது சுண்ணாம்புகூட இல்லை, வெறும் களிமண் சாந்து. சாந்து ஒட்டிப் பிடிப்பதால் அல்ல, செங்கல் செங்கல்லோடு பொருந்துவதால்தான் அது நிற்கிறது.

கெடுவதும் அங்கேதான். வெளிச் சுதைப் பூச்சு உதிர்ந்தால் மழைநீர் களிமண்ணைக் கரைக்கும். கரைந்த இடத்தில் ஆலோ அரசோ வேர்விடும். பிறகு பூமி அதிர்ந்தால் உச்சி விழும். 1975 ஜூலையில் ஒரு முறை, 2016 ஆகஸ்ட் 24-ல் 6.8 அளவில் இன்னொரு முறை. இரண்டாவதில் மட்டும் ஏறத்தாழ 400 கோயில்கள் சேதம். சூலாமணிக் கோயிலின் சிகரமே சரிந்தது. அப்போது விழுந்தவற்றில் பல, 1990-களில் அவசர அவசரமாக வைத்த புது உச்சிகள். பழைய கோபுரம் எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லாத இடத்திலும் ஊகத்தில் கட்டிவைத்தார்கள். பழைய மெத்தென்ற செங்கல்லின் மேல் சிமெண்ட் வைத்தால் இரண்டும் ஒன்றாக அசையாது, ஈரமும் உள்ளே அடைபட்டுவிடும். புதுசு எது பழசு எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரே நிறத்தில், ஒரே அளவில், விளிம்பு மழுங்காமல் இருந்தால் புதுசு. பழைய செங்கல் பெரிது, தட்டை, நிறம் ஆளுக்கொன்றாக இருக்கும். வாசலில் உபயதாரர் பெயர்ப் பலகை பளிச்சென்று இருந்தால் உச்சியைச் சந்தேகப்படுங்கள்.

முதல் நாளை ஆனந்தாவுக்குக் கொடுங்கள். காலை எட்டு மணிக்கு, டூரிஸ்ட் பஸ்கள் வருமுன். சான்சித்தா அரசன் காலத்துக் கோயில். நடுச் சதுரம் பக்கத்துக்கு 53 மீட்டர், நான்கு திசையிலும் முகமண்டபம் நீண்டு கூட்டல் குறிபோல் அமைப்பு, உயரம் 51 மீட்டர். வெளியே பார்க்கும்போது மேலே இருக்கும் சிகரம் ஒரிசா, வங்காளப் பக்கத்துக் கோயில் ஜாடை. உள்ளே வந்தால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுற்று நடை. தஞ்சைக் கருவறையைச் சுற்றியுள்ள சாந்தார நடையைப் பார்த்தவர்களுக்கு இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். ஆனால் அங்கே கூரை படிப்படியாக ஒடுங்கும். இங்கே வளைந்து போகும். நடையின் சுவர் முழுக்க மாடங்கள், மாடத்துக்கு ஒரு சிற்பம். புத்தர் பிறப்புக்கு முன்னிருந்து ஞானம் பெறும் வரையிலான கதை 80 சிற்பங்களில் வெளிநடையில் போகிறது. பெரும்பாலானவர்கள் நேரே பெரிய புத்தரிடம் போய்ப் படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். இந்த எண்பதைத் தவறவிடுவது நஷ்டம்.

நான்கு திசையிலும் நான்கு நின்ற புத்தர், ஒவ்வொன்றும் 9.5 மீட்டர், தேக்கு மரத்தில் தங்க ரேக்கு ஒட்டியது. வடக்கும் தெற்கும்தான் பழைய உருவங்கள். கிழக்கும் மேற்கும் தீயில் போய்ப் பிறகு செய்தவை. பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே உடல்வாகில் வித்தியாசம் தெரியும். தெற்குப் புத்தரிடம் ஒரு பரீட்சை செய்யலாம். காலடியில் நின்று நிமிர்ந்தால் முகம் இறுக்கமாக, துக்கம் போல் இருக்கும். அப்படியே பின்வாங்கி மண்டபத்தின் தூர முனைக்கு வந்தால் சிரிக்கும். அண்ணாந்து பார்க்கும் கோணத்தையும் நேர் பார்வையையும் கணக்கிட்டுச் செய்த உதட்டு வளைவு அது. இன்னொன்று வெளிச்சம். சன்னதி குறுகி உயர்ந்து இருக்கும். மேல்தளத்தில் வைத்த திறப்பு வழியாக வெளிச்சம் இறங்கி முகத்தில் மட்டும் விழும், உடம்பு நிழலில் இருக்கும். பளீரென்ற குழல்விளக்குகளையும் சேர்த்துப் போட்டிருப்பதால் இது சட்டென்று கண்ணில் படாது. மின்சாரம் போகும் நேரம் வாய்த்தால் அதிர்ஷ்டம். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

மேற்குப் பக்கம் மண்டியிட்டிருக்கும் இரண்டு சிறிய உருவங்களைப் பார்க்காமல் வராதீர்கள்: சான்சித்தாவும் அவருடைய குரு ஷின் அரஹானும். இந்தச் சான்சித்தாதான் ஷ்வெசிகோன் ஸேதிக் கல்வெட்டில் தன்னை விஷ்ணுவோடு சம்பந்தப்படுத்தி, மறுபிறவி என்ற அளவுக்கு எழுதிக்கொண்டவர். பௌத்த அரசனுக்கு விஷ்ணு எதற்கு என்று கேட்டால் பதில் ஆனந்தாவிலிருந்து பத்து நிமிட நடையில், பழைய மதிலுக்குள் இருக்கிறது.

நத்லாங். பகானில் இன்றைக்கும் நிற்கிற ஒரே இந்துக் கோயில், விஷ்ணுவுக்கு எடுத்தது. பெயருக்குப் பொருள் நத்களை, அதாவது தேவதைகளை, அடைத்து வைத்த இடம். பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர் என்பது அதிலேயே தெரிகிறது. கட்டடம் சின்னது, சதுரம். நடுவில் கனத்த செங்கல் தூண், அதைச் சுற்றி நடை, தூணின் முகங்களில் விஷ்ணு. வெளிச்சுவர் மாடங்களில் பத்து அவதாரம் இருந்தது, மிஞ்சியது ஏழு. செங்கல்லைச் செதுக்கி மேலே சுதை பூசியவை; பூச்சு போனதால் முகம் மழுங்கிவிட்டது. கால் மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். கட்டடமாக மட்டும் மதிப்பிட்டால் எட்டில் கடைசி இடம்தான் கிடைக்கும். ஆனாலும் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இதை விடக்கூடாது.

காரணம் ஒரு கல். பழைய பகானுக்குத் தெற்கே மின்கபா பக்கம் கிடைத்தது, 13-ஆம் நூற்றாண்டு எழுத்து. மேலே கிரந்தத்தில் வடமொழிச் சுலோகம், கீழே சுத்தமான தமிழ். மலைமண்டலத்து மகோதையர்பட்டினத்துக் குலசேகர நம்பி என்பவர், புக்கமான அரிவத்தனபுரத்தில் உள்ள நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு ஒரு திருமண்டபம் கட்டி, திருக்கதவு போட்டு, அந்த மண்டபத்தில் நின்று எரிய நிலைவிளக்கு ஒன்றும் வைத்தார் என்கிறது. புக்கம்தான் பகான். நம் வீட்டுப் பெண்களுக்குப் புக்கம் என்றதும் புகுந்த வீடுதான் ஞாபகம் வரும்; கடல் தாண்டிப் போன வணிகனுக்கும் அப்படித்தான் ஒலித்திருக்குமோ என்னவோ. அரிவத்தனபுரம் என்பது அரிமர்த்தனபுரம், பகானின் பாலிப் பெயர். நானாதேசிகள் பல நாட்டு வணிகக் குழுவினர். விண்ணகரம் என்றால் விஷ்ணு கோயில் என்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த விண்ணகரம்தான் நத்லாங் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். அது ஊகம், கல் கிடைத்த இடமும் கோயில் நிற்கும் இடமும் வேறு. அந்த மண்டபமும் கதவும் இன்று எங்கேயும் இல்லை.

நத்லாங்கிலிருந்து தலையைத் தூக்கினாலே தெரியும் வெள்ளை மலை தட்பின்யூ. 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் அலாவுங்சித்து அரசன் கட்டியது, 61 மீட்டர், பகானிலேயே உயரம். ஆனந்தாவில் புத்தர் தரைத்தளத்தில். இங்கே ஒரு பெட்டியின் மேல் இன்னொரு பெட்டி வைத்தாற்போல் அடுக்கி, மூலவரை மேல்தளத்துக்கு ஏற்றிவிட்டார்கள். இதிலிருந்துதான் பகானின் பாணி மாறுகிறது. அதற்கு முன் ஒரே தளம், சல்லடை ஜன்னல், இருட்டு. பின்பு இரண்டு தளம், பெரிய வாசல், வெளிச்சம். எந்தக் கோயிலுக்குப் போனாலும் இந்த ஒன்றை வைத்தே முந்தியதா பிந்தியதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். மேலே ஏறவிடுவதில்லை என்பதால் தட்பின்யூவை வெளியிலிருந்து பார்த்தால் போதும், அரை மணி. அருகில் இருக்கும் சின்ன ஸேதியைக் கணக்கு ஸேதி என்பார்கள். பெரிய கோயிலுக்குப் பத்தாயிரம் செங்கல் போனால் ஒன்றை எடுத்துவைத்து, அந்தச் செங்கல்லால் இதைக் கட்டினார்களாம்.

ஏறுவது பற்றி ஒரு வார்த்தை. பழைய படங்களில் மொட்டைமாடியில் உட்கார்ந்து சூரிய அஸ்தமனம் பார்ப்பதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாறுவார்கள். கோயில்களின் மேல் ஏறத் தடை. அதற்குப் பதிலாக மண் மேடுகள் போட்டிருக்கிறார்கள். கூட்டம் உண்டு, ஆனால் போதுமானவை. "எனக்கு ஒரு இடம் தெரியும், யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று யாராவது சின்னப் பையன் கூப்பிட்டால் போகாதீர்கள். நிலநடுக்கத்தில் தளர்ந்த செங்கல் மேல் கால் வைப்பது உங்களுக்கும் ஆபத்து, கோயிலுக்கும். 2005-ல் கட்டிய 60 மீட்டர் பார்வைக் கோபுரம் ஒன்று இருக்கிறது. உள்ளேயிருந்து காட்சி நன்றாகத்தான் இருக்கும். அதில் ஏறி நின்றால் கண்ணில் படாத ஒரே அசிங்கம் அந்தக் கோபுரம்தான் என்பதும் ஒரு வசதி. பலூன் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. விலை கடுமை. தரைப்படம் படிக்கத் தெரிந்தவருக்கு மேலேயிருந்து பார்ப்பது உபயோகம், மற்றவர்களுக்குப் படம் எடுக்கத்தான்.

இரண்டாம் நாள் மின்கபா. டார்ச் லைட் இங்கேதான் வேண்டும். குபியாவ்ஜி, பெயருக்குப் பொருளே வண்ணம் தீட்டிய பெரிய குகை. 1113-ல் சான்சித்தாவின் மகன் ராஜகுமார் எடுத்தது. ஆட்டோக்காரரிடமோ குதிரைவண்டிக்காரரிடமோ பெயரை மட்டும் சொன்னால் வேறிடத்தில் இறக்கிவிட வாய்ப்பு அதிகம். இதே பெயரில் வெச்சி-இன் ஊரில் இன்னொரு கோயில் உண்டு. அங்கே சுவரோவியங்களை ஒரு ஜெர்மானியர் அறுத்தெடுத்துக்கொண்டு போய்விட்டார். "மின்கபா குபியாவ்ஜி, மியாஸேதி பக்கத்தில்" என்று முழுதாகச் சொல்லுங்கள்.

உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. டார்ச்சைப் போடாமல் இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். ஜன்னல்கள் திறப்பு அல்ல, ஓட்டை போட்ட கனத்த பலகணிகள். வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத்தான் வரும். கண் பழகியதும் முதலில் நடையின் வளைவுக் கூரை தெரியும், பிறகு சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு ஜாதகக் கதை, அதாவது புத்தரின் முற்பிறவிக் கதை; கீழே மோன் இனத்தாரின் எழுத்தில் தலைப்பு. இப்போது டார்ச்சை எடுங்கள். ஓவியத்துக்கு நேரே அடிக்காதீர்கள். சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தூரிகைக் கோடும், பூச்சு உப்பியிருக்கும் இடமும், பழுது பார்த்த இடமும் தனித்தனியாகத் தெரியும். மஞ்சள் வெளிச்சம் நல்லது. போன் லைட்டின் நீல வெளிச்சத்தில் செங்காவி எல்லாம் பழுப்பாகிவிடும். படம் எடுக்க அனுமதி இல்லை. முதுகுப்பையைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். நடை குறுகல், திரும்பும்போது பை சுவரில் உரசி ஒன்பது நூற்றாண்டு வண்ணம் உதிரும். பக்கத்து மியாஸேதி வளாகத்தில் நான்கு முகக் கல்தூண்: பியூ, மோன், பாலி, பர்மியம் என்று ஒரே செய்தி நான்கு மொழியில். யாரும் படிக்க முடியாமல் கிடந்த பியூ எழுத்தைப் படிக்க வழி காட்டியது இந்த வாசகம்தான். எட்டில் எனக்கு முதல் இடம் குபியாவ்ஜிக்கே. ஆனந்தா பெரிது, இது நுட்பம்.

அங்கிருந்து நன்பாயா. செங்கல் ஊரில் ஒரு கல் கோயில் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் உள்ளே செங்கல், மேலே மணற்கல் போர்த்தியிருக்கிறது. ஜன்னல்களுக்கு மேலே உள்ள தோரணத்தைப் பார்த்தால் நம் கோஷ்டத்து மகர தோரணத்துக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லிவிடலாம். உள்ளே நான்கு சதுரத் தூண்கள், அவற்றில் தாமரை ஏந்திய பிரம்மா. நான்கு முகத்தில் மூன்று தெரியும். மூலவர் இல்லை, பீடம் மட்டும். இதுவும் டார்ச் வேலை. பக்கத்திலேயே, எட்டுக் கணக்கில் சேராத மனுஹா கோயில். சிறைப்பட்ட மோன் அரசன் தன் நெருக்கடியைச் சொல்லவே புத்தர்களை இப்படி அடைத்துக் கட்டினான் என்பார்கள். தோள் சுவரில் இடிக்க, தலை கூரையில் முட்ட உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டடக் கலையில் நெருக்கத்தையும் ஒரு மொழியாக்கலாம் என்பதற்கு உதாரணம். பத்து நிமிடம் போதும், மூச்சு முட்டும்.

மின்கபா அரக்குப் பாத்திரத்துக்குப் பேர்போனது. வாங்குவதானால் கிண்ணத்தின் விளிம்பை இரு விரலால் அழுத்துங்கள். மூங்கில் சிம்போடு குதிரைமயிர் பின்னிச் செய்த நல்ல சரக்கு, எதிர்ப்பக்கம் தொடுமளவு வளைந்து பழையபடி திரும்பும். வளையாமல் விறைப்பாக இருந்தால் மரம் அல்லது மலிவுச் சரக்கு. உள்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். பெயிண்ட் வாசனை வந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

மூன்றாம் நாளுக்குத் தம்மயான்ஜி. பகானில் எங்கிருந்து பார்த்தாலும் பிரமிடு போலத் தெரிகிற பாரி உடம்பு. தகப்பனைக் கொன்று பட்டத்துக்கு வந்தவன் என்று பேர் வாங்கிய நரது கட்டியது, 1167-க்கும் 1170-க்கும் இடையில். செங்கல் வேலை என்றால் இதுதான். இரண்டு செங்கல்லுக்கு நடுவே ஊசி நுழைந்தால் கொத்தனாருக்குத் தண்டனை என்ற கதை இருக்கிறது. கதை எப்படியோ, வெளிச்சுவரின் இணைப்பில் நகம் வைத்துப் பாருங்கள், நுழையாது. தரைப்படம் ஆனந்தா மாதிரியேதான், இரண்டு சுற்று நடை. ஆனால் உள்நடை முழுக்கச் செங்கல் போட்டு அடைத்துக் கிடக்கிறது. பாரம் தாங்காமல் முட்டுக் கொடுத்தார்களா, அரசன் செத்ததும் வேலையாட்கள் வஞ்சம் தீர்த்தார்களா என்று ஆளுக்கொரு கதை. கட்டட வேலை தெரிந்தவர்கள் முதல் காரணத்தின் பக்கம் சாய்வார்கள். மேற்குப் பக்கம் இரட்டைப் புத்தர், கௌதமரும், இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயரும் அருகருகே. குறை என்று சொன்னால் வௌவால். நெடி தலைக்கேறும், தரையில் எச்சம், வெறுங்கால். ஈரத் துடைப்புத் தாள் ஒரு பாக்கெட் இந்த ஒரு கோயிலுக்கே சரியாகிவிடும்.

செருப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். இடிந்த கோயிலானாலும் செருப்பு, சாக்ஸ் இரண்டும் வாசலிலேயே. ஷூ போட்டு வந்தால் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கயிறு கட்ட வேண்டியிருக்கும். ரப்பர் செருப்புதான் சரி. மார்ச்சுக்கு மேல் பகல் பதினொன்றுக்குப் பிறகு செங்கல் தளம் தோசைக்கல். வறண்ட பூமி, வேலமுள் எங்கும் கிடக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வந்தால் இந்தப் பாடு பாதி குறையும்.

தம்மயாசிகாவுக்குச் சாயங்காலம் போங்கள். உள்ளே போகும் கோயில் அல்ல, பெரிய ஸேதி, 1190-களின் கடைசியில் நரபதிசித்து எடுத்தது. விசேஷம் அதன் ஐங்கோணம். வழக்கமாக நான்கு பக்கம், நான்கு புத்தர். இங்கே இனி வரப்போகும் மைத்ரேயருக்கும் ஒரு பக்கம் சேர்த்து ஐந்து. சதுரம் வரைய ஒரு கயிறும் நான்கு முளையும் போதும். ஐங்கோணம் பிசகாமல் வரைந்து, அதையே படிப்படியாகச் சுருக்கி மேலே கொண்டுபோவது சாமான்ய வேலை இல்லை. ஒரு முழுச் சுற்று நடந்து மூலைகளை எண்ணினால்தான் உறைக்கும்; முன்னால் நின்று பார்த்தால் மற்ற ஸேதி மாதிரியேதான் இருக்கும்.

வண்டி விஷயத்தில் இ-பைக்தான் சிறந்தது. கார் பெரிய கோயில்களுக்கு மட்டும் போகும். குதிரைவண்டி வயசானவர்களுக்கு நல்லது, ஆனால் மெதுவு, மூன்று நாளுக்குள் இந்த எட்டும் முடியாது. இ-பைக் எடுக்கும்போது பாட்டரி அளவைக் காட்டும் முள்ளை நம்பாதீர்கள். முழு சார்ஜில் எவ்வளவு தூரம் என்று கேட்டு, அதில் பாதி போனதும் திரும்பத் தயாராகுங்கள். வழியில் நின்றுவிட்டால் கொண்டுவந்து மாற்றித் தருவார்களா என்று முன்கூட்டியே பேசி, கடை நம்பரை போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். மணல் பாதையில் முன்பிரேக்கைத் தொட்டால் விழுவது நிச்சயம். வேகத்தைக் குறைத்து, இரு காலையும் தரையை ஒட்டித் தொங்கவிட்டு, ஹாண்டிலை நேரே பிடியுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவுக்காரர்களோடு போனால் அவர்களுக்குப் பகான் வளாக நுழைவுச் சீட்டு வேண்டும். ஆனந்தா போன்ற இடங்களில் கேட்பார்கள், தொலைக்கக்கூடாது. இப்போதைய நிலவரத்தில் வழியில் சோதனை உண்டு. மட்பொன்டின் என்கிற அடையாள அட்டை சட்டைப் பையிலேயே இருக்கட்டும், புறப்படுமுன் பஸ் கம்பெனியில் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு நியாங்-ஊவில் குறையில்லை. விரதக்காரர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். காய்கறி என்று கேட்டால் காய்கறிதான் வரும், அதன் மேல் காய்ந்த இறால் பொடியும் வரும். ஙப்பி, அதாவது மீன், இறால் ஊறவைத்த விழுது, இல்லாத குழம்பு அபூர்வம். சைவம் என்று பொருள்படும் "தெத்தத்லுட்" என்ற சொல்லை அழுத்திச் சொல்லி, இறால் பொடியும் மீன் சாறும் வேண்டாம் என்று தனியாகவும் சொல்லுங்கள்.

எட்டாவது, பயாதொன்சு. மின்னந்து ஊருக்குப் பக்கம், 13-ஆம் நூற்றாண்டு, மூன்று சிறிய கோயில்களைக் குறுகிய வளைவு நடையால் சேர்த்து ஒட்டியது. பெயரும் மூன்று பாயா என்றுதான். இங்கே வளைவு வேலை முதிர்ந்த நிலையில் இருக்கிறது. ஒரு கோயிலிலிருந்து மற்றதற்குத் தாண்டும் இடத்தில் நின்று மேலே டார்ச் அடித்தால், இரண்டு கூரைகளும் சந்திக்கும் விளிம்பில் செங்கல் எப்படித் திரும்புகிறது என்று காணலாம். சுவரில் ஓவிய வேலை பாதியில் நின்றுபோயிருக்கிறது. அதனாலேயே, முடிந்த ஓவியத்தில் தெரியாத வரிசைமுறை இங்கே தெரிகிறது: வெறும் வெள்ளைப் பூச்சு, அதன் மேல் கோடு, கோட்டுக்குள் வண்ணம்.

இது போன்ற ஒதுக்குப்புறக் கோயில்கள் பூட்டிக் கிடக்கலாம். பூட்டைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். சாவி அநேகமாகக் கூப்பிடு தூரத்தில், புளியமரத்தடியிலோ கீற்றுக் குடிசையிலோ யாரிடமாவது இருக்கும். "ஊலே, தொ ஷி லா?" (மாமா, சாவி இருக்கிறதா?) என்று கேட்டால் எழுந்து வந்து திறந்துவிடுவார். உள்ளே வந்து எந்த மூலையில் எது இருக்கிறது என்று காட்டவும் செய்வார், டார்ச்சை வாங்கிச் சரியான கோணத்தில் பிடிக்கவும் செய்வார். பணம் கேட்கமாட்டார், கையில் கொடுக்காமல் உண்டியலில் போடச் சொன்னால் உண்டியலில் போடுங்கள். வெளியே வந்ததும் அவர் பூட்டும்வரை நின்று, நன்றி சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். கதவைத் திறந்தபடி விட்டால் ராத்திரிக்குள் வௌவால் குடியேறிவிடும்.